பொலியர் தோணியில் ஏறிய நாள்

அரசாங்கத்திடம் பொய் சொல்லி மானியம் வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கமநல சேவை நிலையத்தில் கள உத்தியோகத்தராக வேலை பார்த்தவன் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் பொய் சொல்லி மானியத்தை இழந்தவர் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மட்டக்களப்பின் உப்புநீர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறார். அவரை ஊரில் பொலியர் என்பார்கள்.

தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையிலும் என் படிவங்களிலும் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைப் படிவத்தில் எழுதும்போதெல்லாம், இது யார் என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வரும்.

பொலியர் வட்டை விதானை. பலருடைய வயல்கள் ஒன்றாகக் கிடக்கிற பெரிய வெளியைத்தான் எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். அதற்குத் தண்ணீர் திறந்துவிடுவது, பூட்டுவது, கட்டாக்காலி மாடு புகுந்தால் மாட்டுக்காரனோடு சண்டைக்குப் போவது எல்லாவற்றுக்கும் விவசாயிகள் கூடித் தெரிவு செய்கிற ஆள்தான் விதானை. உர மானியமோ வெள்ள நட்டஈடோ, விதானையின் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் எங்கள் கந்தோரில் ஒரு கோப்பும் அசையாது. எனக்கு அமைந்த விதானையின் வாயோ இப்படிப்பட்டது.

நான் மாற்றலாகிப் போன முதல் வாரமே உர மானியப் படிவத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வட்டைக்குப் போனேன். எனக்கு அப்போதே வயிற்றில் புளிப்புக் கோளாறு. காலைச் சாப்பாடு தாமதமானால் மனிதனாக இருக்க மாட்டேன். வரம்பில் நின்ற பொலியர் சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றியிருந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம். தொண்டை அதைவிட உயரம்.

"போன போகம் விளைச்சல் எப்பிடி?" என்று கேட்டேன்.

"பொலி, ஐயா."

"எத்தனை மூடை?"

"பொலிஞ்சு கிடந்திச்சு."

"பூச்சி, நோய் ஏதும் அடிச்சதா?"

"எல்லாம் நிறைவுதான் ஐயா."

"பசளை காணாமப் போனதா?"

"பசளை நிறைஞ்சு வழியுது."

நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். நாடு முழுக்க உரமில்லை என்று விவசாயிகள் தெருவில் நின்ற காலம் அது. இந்த ஒரு வட்டையில் மட்டும் வழிகிறதே என்று ஒரு பக்கம் எனக்குச் சந்தோஷம். என் அறிக்கையைப் பார்த்த கந்தோர், தேவையில்லாத இடத்துக்கு எதற்கு என்று, அந்த வட்டைக்கு வரவேண்டிய யூரியாவைப் பக்கத்து வட்டைக்குத் திருப்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கந்தோர் வாசலில் ஒரு கூட்டம். முன்னால் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தவர் சாட்சாத் பொலியர்தான்.

"எங்கட வட்டையில ஒரு பிடி பசளை இல்ல! போன போகம் அரைவாசி பதர்! கபிலத்தத்திப் பூச்சி வந்து தின்னுத்துப் போயித்து! ஆரு ஐயா எங்களுக்குப் பசளை வேணாமெண்டு எழுதின?"

"நீங்கதான் சொன்னீங்க!" என்றேன்.

"நான் எப்ப சொன்ன?"

"வரம்பில நிண்டு சொன்னீங்க."

"அதுதானே ஐயா, வரம்பில நிண்டு கேட்டா நான் வேறென்னத்தச் சொல்லுற?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கூட வந்தவர்களும் நியாயம்தானே என்பதுபோலத் தலையாட்டினார்கள். அன்று எனக்குப் பைத்தியம் பிடிக்காதது என் முன்னோர் செய்த புண்ணியம்.

விஷயம் விளங்கியது ஒரு பெற்றோல் தாங்கியால். ஒருநாள் வட்டையின் நடுவில் வைத்து, வான்கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, முகம் மலரச் சாவியைத் தந்தார்.

"பெற்றோல் நிறைஞ்சிருக்கு ஐயா."

அட, நல்ல மனிதர், நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உதைத்தேன், கிளம்பவில்லை. பத்துத் தரம் உதைத்தேன். பிறகு சேற்று வழியில் வண்டியை நான் முன்னால் இழுக்க, அவர் பின்னால் தள்ள, வட்டை முடிகிற இடத்தில் நிற்கும் மருதமரம் வரை வந்து சேர்ந்தோம். மரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார். அந்தப் பிள்ளையாரைத் தாண்டிய மறு நொடி பொலியர் வாயைத் திறந்தார்.

"ஐயா, தாங்கியில ஒரு துளி பெற்றோல் இல்ல. நான் வரக்குள்ளயே முடிஞ்சித்து."

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே!"

"அங்க எப்பிடி ஐயா அந்தச் சொல்லச் சொல்லுற?"

நான் மரத்தடியில் குந்திவிட்டேன். எனக்குச் சோடா வாங்கிவந்து கொடுத்து விளக்கம் சொன்னவர் தங்கமணி அக்கா. வட்டையில் ஒரே ஒரு ஏக்கர் வைத்திருந்தவர். புருஷன் இல்லை. வரம்பு கட்டுவது முதல் மருந்து அடிப்பது வரை தனியாகச் செய்கிறவர். பொலியரைப் பார்த்துச் சிரிக்கவும் அதட்டவும் வட்டையில் உரிமை பெற்ற ஒரே ஆள்.

"தம்பி, அந்தக் காலத்தில களவெட்டியில மாடு விட்டு நெல்லுச் சூடு மிதிக்கக்குள்ள, இல்ல, குறைஞ்சித்து, முடிஞ்சித்து எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. சொன்னா பூதம் வந்து நெல்லக் கொண்டுபோயிரும். எல்லாத்துக்கும் பொலி, நிறைவு எண்டுதான் கதைக்கிற."

"அது களவெட்டியில. இது வெறும் வயல்தானே? இப்ப வெட்டு மெசின் வந்து வெட்டி, அடிச்சு, மூடையிலயும் போட்டுக் குடுக்குது. களவெட்டியே இல்லையே?"

பொலியர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பால்குடி மறக்காத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"களவெட்டிய எடுத்துப்போட்டம், சரி. பூதத்த ஆரு ஐயா எடுத்த? அதுக்கு இருக்க இடமில்லாம இப்ப வட்டை முழுக்கத் திரியுது. முந்தி ஒரு மூலையில பயந்தாக் காணும். இப்ப எல்லா இடத்திலயும் பயப்பட வேண்டிக்கிடக்கு."

இந்தத் தர்க்கத்தை உடைக்க நான் நான்கு வருடம் முயன்றேன். முடியவில்லை. மருதமரத்துக்கு வெளியே அவரைப் போல ஒப்பாரி வைக்கிற விவசாயி மாவட்டத்திலேயே கிடையாது. உள்ளே ஒரு காலை வைத்தால், அவரைப் போல செல்வந்தர் நாட்டிலேயே கிடையாது. சில நாள் மரத்தடியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருப்பார்.

பிறகு நான் ஒரு ஒழுங்கு செய்துகொண்டேன். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்ப்பேன். கேள்விகளையெல்லாம் சேர்த்துவைத்து மருதமரத்துக்கு வெளியே கொண்டுவந்து கேட்பேன். அதிலும் சில தடவை தவறியது. ஒரு முறை அவருடைய வாடியில், வயல் காவலுக்குப் போட்ட குடிசையில், மத்தியானச் சாப்பாடு. சோறும் மீன் ஆணமும். இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்டேன். "நிறைஞ்சு கிடக்கு ஐயா" என்றார். சட்டி மூடியிருந்தது. நான் மரியாதைக்காகக் காத்திருந்தேன். அவரும் மரியாதைக்காகக் காத்திருந்தார். கோப்பையில் சோறு காய்ந்து கை ஒட்டிப் போன பிறகுதான் மூடியைத் திறந்து பார்த்தேன். சட்டியை வழித்து நக்கியிருந்தது ஒரு பூனை.

இன்னொரு முறை பொழுதுபடுகிற நேரம். வாடியில் இருந்து வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பொலியர் காதருகே வந்து மெல்லச் சொன்னார்.

"ஐயா, விருந்தாளி ஒருத்தர் வந்திருக்காரு. சத்தம் போடாம எழும்புங்க."

பெரிய கந்தோரிலிருந்து யாரோ திடீர்ப் பரிசோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சட்டைப் பொத்தான்களைப் போட்டேன். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினேன். கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வணக்கம் சேர்" என்றபடி வாடிக்கு வெளியே வந்தேன். பத்து யார் தூரத்தில் யானை நின்றது. அதுவும் நல்ல உயரமான யானை. அன்று நான் ஓடிய ஓட்டத்தில் சீப்பும் போனது, செருப்பும் போனது. மருதமரத்தைத் தாண்டி விழுந்து கிடந்த என்னிடம் பொலியர் மூச்சிரைக்க வந்து, "ஐயா, யானை!" என்றார்.

இப்படியாக ஓரளவு சமாளித்து வந்த எங்கள் வாழ்க்கையில்தான் அந்தப் பெரும்போக வெள்ளம் வந்தது.

நெல் கதிர் விடுவதற்குக் குடலை தள்ளி நின்ற நேரம். மழை விடாமல் கொட்டியது. குளம் மேவிப் பாய்ந்தது. வாவியும் வயலும் ஒன்றாகிவிட்டன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டக்களப்பில் நிற்கிற தண்ணீரும் தங்கமணி அக்காவின் ஏக்கரில் நிற்கிற தண்ணீரும் ஒரே தண்ணீர் என்று சொல்லலாம். நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்த பயிர் அழுகி மணத்தது.

அழிந்த பயிருக்கு நட்டஈடு என்று அரசாங்கம் அறிவித்தது. நான் போனபோது தங்கமணி அக்கா மருதமரத்தடியில் நின்றார். மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். புதிய பாஸ்போட்.

"தம்பி, போன போகமும் பிழைச்சித்து. இந்த நட்டஈடும் கிடைக்காட்டி, விதைநெல்லுக்கு வழியில்ல. ஏக்கரக் குத்தகைக்குக் குடுத்திற்று வெளிநாட்டுக்குப் போறதுதான். ஏசென்சிக்காரன் ரெண்டு தரம் வந்து கேட்டுத்துப் போயித்தான்."

"உங்களுக்கென்ன அக்கா, நீங்க ஏன் பிறத்தியான் வீட்டில கோப்பை கழுவப் போறீங்க?" என்றேன்.

"பாஸ்போட் படத்தில நல்லாத்தானே இருக்கன்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நட்டஈட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மேலிடத்திலிருந்து பரிசோதகர் வருவார். வட்டை விதானையின் வாக்குமூலத்தை வயலுக்குள் வைத்து எடுக்க வேண்டும். நான் படிவத்தை நான்கு தரம் படித்தேன். "வயலினுள்" என்றுதான் இருந்தது. வெளியே வைத்து எடுக்கலாமென்று எந்த மூலையிலும் ஒரு அடிக்குறிப்புக்கூட இல்லை.

பரிசோதகர் வந்தார். புத்தம்புதிய றப்பர் சப்பாத்து, குடை, கழுத்தில் கமெரா. நல்ல மனிதர்தான், ஆனால் படிவம் என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு உலகம். மருதமரத்தடியில் வைத்து நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"சேர், விதானையிட வாக்குமூலத்தை இதில வச்சே எடுத்தா என்ன? நிழல். பிள்ளையாரும் பக்கத்தில."

"படிவத்தில வயலினுள் எண்டு போட்டிருக்கு."

"சேர், வயலுக்குள்ள இவர் கொஞ்சம் வேற மாதிரிக் கதைப்பார்."

"எப்படிக் கதைச்சாலும் அதை எழுதுறதுதான் என் வேலை."

முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். சுற்றிலும் கறுத்து அழுகிய பயிர். ஒரு கொக்குக்கூட அந்த நாற்றத்துக்கு நிற்கவில்லை. விவசாயிகள் வரம்பில் வரிசையாக நின்றார்கள். பரிசோதகர் பேனாவைத் திறந்தார்.

"விதானையார், பயிர் அழிவு இருக்கா?"

பொலியரின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் கலங்கியது. வாயைத் திறந்தார், மூடினார். தங்கமணி அக்காவைப் பார்த்தார். பிறகு அவர் தொண்டையிலிருந்து அந்தச் சொல் தானாக வந்தது.

"பொலி, ஐயா."

"அப்படியெண்டா?"

"பொலிஞ்சு... நிறைஞ்சு... கிடக்கு."

"தெளிவாச் சொல்லுங்க. விளைச்சல் குறையுமா, கூடுமா?"

"பெருகும் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பொலியர் அழுதே விட்டார். பரிசோதகர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். "பயிர் அழிவு இல்லை. விளைச்சல் பெருகும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று அழகான எழுத்தில் எழுதி, நீட்டினார். விதானை கையெழுத்திட்டார். நானும் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். படிவம் என் கையில் இருந்தது.

என் அரசாங்க வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயலை அப்போதுதான் செய்தேன். கால் வழுக்கி விழுந்தேன். படிவத்தோடுதான் விழுந்தேன். அது தண்ணீரில் நன்றாக ஊறும்வரைக்கும் எழும்பவில்லை. வாய்க்குள் போன அழுகல் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பரிசோதகர் பிழிந்து பார்த்தார். மை கரைந்து ஒரு நீலக் கறைதான் மிஞ்சியிருந்தது. "நாளைக்குக் காலையில திரும்ப எடுப்பம். அதுக்குப் பிறகு எனக்கு நேரமில்ல" என்று சொல்லிப் போனார்.

மருதமரத்தடியில் பொலியரைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. ஒருவர் காலில் விழுந்தார். ஒருவர் கையை ஓங்கினார். பொலியர் பிள்ளையார் பக்கம் திரும்பிக் குந்தியிருந்தார்.

"எனக்குத் தெரியாதா? எல்லாம் அழிஞ்சு போயித்து. ஒரு மரைக்கால் நெல்லு வராது. அங்க நிண்டு சொன்னனெண்டா, வாற போகமும் இதே கதிதான். பொறவு என்னத்துக்கு நட்டஈடு?"

எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, தங்கமணி அக்கா மட்டும் சும்மா நின்று தண்ணீரைப் பார்த்தார். பிறகு வாவிப் பக்கமாக நடந்து போனார்.

மறுநாள் காலை நானும் பரிசோதகரும் வந்தபோது மருதமரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோணி கிடந்தது. வாவியில் மீன் பிடிக்கிற தன் தம்பியைப் பிடித்து, அக்கா அதை வயல்வழியே கொண்டுவந்திருந்தார். தம்பி மரக்கோலோடு தோணியின் பின்னால் நின்றான்.

"அண்ணன், ஏறுங்க" என்றார் அக்கா பொலியரிடம்.

"என்னத்துக்கு?"

"தோணிக்குக் கீழ கிடக்கிறது வட்டையா, வாவியா?"

பொலியர் யோசித்தார். நல்ல நேரம் எடுத்து யோசித்தார். வாவிக்கும் வயலுக்கும் நடுவில் கரை எங்கே என்று தேடினார். கரை இல்லை. பூதம் பற்றிய சட்டதிட்டங்களையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"பூதத்துக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன், என்னால் முடிந்த உதவியாக.

"களவெட்டிப் பூதம் ஐயா. எங்க நீந்திப் பழகுற?" என்றார் உடனே.

தோணியில் ஏறினார். குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்குது" என்றார். "வாவிதான்."

நானும் ஒரு விரலைத் தோய்த்து நக்கிப் பார்த்தேன். துளி உப்பு இல்லை. சுத்த மழைத் தண்ணீர். அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

பரிசோதகருக்குத்தான் சந்தேகம். "இது வயலினுள் எண்டு சொல்லலாமா?"

"சேர், நாங்க இப்ப வயலுக்கு நேர் மேல நிக்கிறம். எத்தினை அடி மேலயெண்டு படிவத்தில ஒண்டும் போடல்ல."

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மைதான், போடவில்லை. ஏறிக்கொண்டார்.

தோணி வட்டையின் நடுவுக்குப் போனதும் பொலியர் எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் தோணி ஆடியது. பரிசோதகர் என் தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எழுதுங்க! அந்தா பாருங்க, தங்கமணிட ஒரு ஏக்கர். குடலை தள்ளி நிண்ட பயிர். ஒரு கதிர் இல்ல! ஒண்டும் இல்ல! முடிஞ்சித்து! அங்கால மூத்தம்பியர வயல் கண்டம். அதுவும் இல்ல! வாய்க்கால் உடைஞ்சித்து! வரம்பு இல்ல! வைக்கோலும் இல்ல! மாட்டுக்கும் இல்ல, மனிசனுக்கும் இல்ல!"

'இல்லை' என்ற சொல்லை அவ்வளவு ஆசையோடு ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை. வருடக்கணக்காக அடக்கிவைத்திருந்த அத்தனையும் வந்தன. போன போகத்துப் பதர், அதற்கு முந்திய போகத்து யானை, ஒருகாலத்தில் வராத யூரியா, என் பெற்றோல், அந்தப் பூனை தின்ற ஆணம், எல்லாம் வெள்ள நட்டஈட்டுப் படிவத்தில் ஏறின. வரம்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு கண்டமாகத் தோணி போனது, ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். ஒருவரையும் விடவில்லை. பரிசோதகரின் பேனா மை தீர்ந்து கீறத் தொடங்கியது.

"என்ன இது, பேனா?" என்றார்.

"நிறைஞ்சித்து சேர்" என்றேன். என் வாயில் தானாக வந்துவிட்டது. என் பேனாவைக் கொடுத்தேன்.

கடைசியாக மேட்டுப் பக்கத்தில் பொலியருடைய சொந்த வயல். அங்கே முதல்நாள் இரவே தண்ணீர் வடிந்திருந்தது. தோணி சேற்றில் முட்டி நின்றது. மற்றவர்களுடையதைப் போலவே அவருடைய பயிரும் கறுத்து மடிந்து கிடந்தது. பொலியர் இறங்கி, தன் கண்டத்துக்குள் போய் நின்றார்.

"உங்கட வயல், விதானையார்? அழிவு எவ்வளவு?"

"அண்ணன், தோணிக்குள்ள வந்து சொல்லுங்க!" என்று தங்கமணி அக்கா வரம்பிலிருந்து கத்தினார். அவருடைய ஏக்கருக்கு அப்போதே கையெழுத்தாகியிருந்தது. "ரெண்டடிதானே! திரும்பி ஏறுங்க!"

பொலியர் ஏறவில்லை. துவாயை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். காலால் சேற்றை ஒருமுறை மிதித்துப் பார்த்தார்.

"பொலி, ஐயா" என்றார். இந்த முறை அழவில்லை. நல்ல உரத்த குரலில், வட்டை முழுக்கக் கேட்கச் சொன்னார். "பொலி! பொலி!"

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? இந்த முறை விழுந்தால் எல்லாருடைய படிவமும் சேர்ந்து போகும். "அழிவு இல்லை" என்று எழுதினார். அந்த வட்டையில் நட்டஈடு கிடைக்காத ஒரே விவசாயி, மற்ற எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்த விதானைதான்.

மருதமரத்துக்கு வெளியே வந்ததும் நான் அவர்மீது பாய்ந்தேன். "உங்களுக்கு விசரா? ரெண்டடி தள்ளித் தோணி நிக்குது!"

"ஐயா, எல்லார்ட குறையையும் சொல்லியாச்சு. வட்டைக்கு ஒருத்தனாவது பொலியெண்டு சொல்ல வேணாமா? அடுத்த போகத்துக்கு என்னத்த வச்சு விதைக்கிற?" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்தத் தண்ணியில உப்பு இருந்திச்சா, இல்லையா? பூதம் கேட்டிருந்தா ஒரு சமாதானம் வேணுமே" என்றார்.

நான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

அதோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை. மாவட்டமே மூழ்கிய போகத்தில் ஒரே ஒரு வயலில் அழிவில்லை என்று படிவம் சொல்கிறதே, அது எப்படி என்று மேலே யாருக்கோ ஆச்சரியம் வந்துவிட்டது. ஒருநாள் விவசாயம் படிக்கிற பிள்ளைகள் ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள், வெள்ளத்தைத் தாங்கும் அவருடைய முறையைப் படிக்க. பொலியர் அழுகிய பயிரின் நடுவில் நின்று, "எல்லாம் நிறைவு பிள்ளையள், பொலிஞ்சு கிடக்கு" என்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். பிள்ளைகள் சுற்றிலும் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், குறிப்பெடுத்தார்கள். ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "சேர், இது என்ன இனம்?" என்று கேட்டாள். நெல்லைக் கேட்டாளா, அவரைக் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.

நட்டஈடு வந்து, ஊர் விதைக்கத் தயாரானது. பொலியரிடம் மட்டும் விதைநெல் இல்லை. தங்கமணி அக்கா வீடுவீடாகப் போய்ச் சேர்த்தார். ஆனால் வட்டைக்குள் கொண்டுபோனால், "எனக்குத்தான் பொலிஞ்சு கிடக்கே, என்னத்துக்கு?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அக்கா மூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மருதமரத்துக்கு வெளியே, றோட்டோரத்தில் அடுக்கி வைத்தார். மாலையில் பொலியர் வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையாரைத் தாண்டி வந்தார், மூடைகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இது எந்த மூலைக்குக் காணும்? என்ட நிலைமைய ஒருத்தரும் யோசிக்கிறல்ல!"

தங்கமணி அக்கா சிரித்த சிரிப்பில் மருதமரத்துக் காகங்கள் பறந்தன. பாஸ்போட் இப்போது அவர் வீட்டு அரிசிப் பெட்டிக்குள் கிடக்கிறது. அதில் உள்ள படம் உண்மையிலேயே நல்ல படம்.

போன வருடம் எனக்கு மட்டக்களப்புக் கந்தோருக்கு மாற்றம் வந்தது. மேசை, மின்விசிறி, நேரத்துக்குத் தேநீர். வயிற்றுப் புளிப்பும் குறைந்துவிட்டது. இங்கே யாரிடம் எதைக் கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்கிறார்கள். இல்லையென்றால் இல்லை என்கிறார்கள். வேலை சுலபமாக இருக்கிறது.

போன கிழமை பொலியருக்குப் போன் எடுத்தேன். பின்னால் வாய்க்கால் தண்ணீரின் சத்தம் கேட்டது.

"எப்பிடி அண்ணன்?"

"ஆரு, ஐயாவா? இஞ்ச என்ன ஐயா, ஒரே நிறைவு. நீங்க போன நாளில இருந்து வட்டை நிறைஞ்சு கிடக்கு. பொழுதுபட வாடியில இருந்தனெண்டா, ஐயோ, அப்பிடி ஒரு நிறைவு."

"எங்க நிக்கிறீங்க இப்ப?"

"வட்டைக்குள்ளதான் ஐயா."

நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாய்க்கால் சத்தத்தைக் கேட்டேன். பிறகு "போயித்து வாறன் ஐயா, தண்ணி திறக்க வேணும்" என்று வைத்துவிட்டார்.

நான் மருதமரத்துக்கு வெளியே இருக்கிறவன். என்னைப் பூதம் ஒன்றும் செய்யாது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் பக்கத்தில் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான்.